சாவி அக்கா இன்னும் உள்ளேதான் இருக்கிறார்

5

"இந்த நிமிஷம்கூட அவங்க உள்ளதான் இருக்காங்க மேடம்."

கிளவுட் கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

அண்ணி அந்தப் புள்ளியையே பார்த்தாள். அந்தப் பெயருக்குரிய பெண்மணி இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"பச்சைன்னா என்ன அர்த்தம்?"

"வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்."

"இங்க லீவு கேட்டா சுலபத்துல கிடைக்காதுன்னு கேள்விப்பட்டேன்," என்றான் வாலு. "செத்தாலும் கிடைக்காதுன்னு இப்பத்தான் தெரியுது."

இன்ஜினியர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்கமாட்டாள் என்று வாலுவுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் விடுவதில்லை.

அண்ணி நடத்தும் துப்பறியும் நிறுவனம் அவள் கணவர் ஆரம்பித்தது. போன வருஷம் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பெயர்ப் பலகையைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அடுத்த கேஸ் வந்துவிட்டது, எடுத்துக்கொண்டாள். கணவரின் தம்பி எப்போதும் அவள் பின்னாலேயே வந்ததால் அவனுக்கு வாலு என்று பேர். அவன் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்றதில் வாடிக்கையாளர்களும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது அவளுக்கு இந்த ஒரு வருஷம். தொட்டால் தெரிந்தது. வலிதான் தெரியவில்லை.

அவர்கள் உட்கார்ந்திருந்த அறை ஒரு காலத்தில் கம்பெனியின் மெஷின் ரூம். கம்பெனியின் மொத்தக் கணக்கும் சரக்கு விவரமும் அங்கே இருந்த பெரிய இரும்பு அலமாரி மெஷின்களுக்குள்தான் இருந்தன. எல்லாவற்றையும் இணையம் வழியாக வேறிடத்தில் வைக்கும் கிளவுடுக்கு மாறியதும் மெஷின்களைத் தூக்கிவிட்டார்கள். தரையில் அவை நின்ற சதுரத் தடங்கள் மட்டும் மிச்சம். ஏ.சி. மட்டும் இன்னும் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஓர் ஒப்புதல் வேண்டுமாம், கொடுக்க ஆளில்லையாம்.

"விறைச்சுப் போகுது," என்றான் வாலு. "அண்ணி, உங்களுக்குக் குளிரலை?"

"இல்ல."

கேஸ் இதுதான். அது ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் கம்பெனி. கிடங்கின் குளிர் அறை ஓர் இரவு முழுக்கக் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்ததில் ஒரு ஊசி மருந்து சூடேறிக் கெட்டுவிட்டது. தரக் கட்டுப்பாட்டு அதிகாரி அதை வெளியே போகவிடாமல் நிறுத்திவைத்தார். எதை அனுப்பலாம், எதைக் கூடாது என்று திறக்கவும் பூட்டவும் அதிகாரம் உள்ள ஒரே ஆள் அவர்தான் என்பதால் ஆபீஸ் முழுக்க அவரைச் 'சாவி அக்கா' என்றே கூப்பிடும்.

அப்புறம் ஒரு நாள் காலையில், நிறுத்திவைத்த அதே மருந்து, சாவி அக்கா பேரிலேயே விடுவிக்கப்பட்டு லாரி ஏறிவிட்டது. அன்று அவர் ஆபீஸுக்கு வரவில்லை. மதியம் அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கப் படிக்கட்டில், யாரும் அதிகம் புழங்காத இடத்தில், தலையில் அடிபட்டுக் கிடந்தார். படி கூட்ட வந்த அம்மா பார்த்துக் கத்தியிருக்கிறாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மருந்து போன ஆஸ்பத்திரியில் இரண்டு நோயாளிகள் பிழைக்கவில்லை.

'வீட்டிலிருந்தபடியே கெட்ட மருந்தை விடுவித்தார், மனசாட்சி உறுத்தியது, விழுந்தார்' என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிட்டது கம்பெனி. போலீசுக்கும் அந்த மூன்று வரி போதுமானதாக இருந்தது. போதாமல் இருந்தது ஒருவருக்குத்தான்: சாவி அக்காவின் தம்பிக்கு. டயர்க்கடை வைத்திருக்கிறார். அண்ணியின் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தபோது அவர் நகங்களில் கிரீஸ் இருந்தது.

"அக்கா விழுந்தப்புறமும் ரொம்ப நேரம் உயிரோட இருந்திருக்காங்கன்னு டாக்டர் சொன்னார்," என்றார் அவர். "கிட்டத்தட்ட மதியம் வரைக்கும். அது போகட்டும். அந்த மருந்தை அக்கா விட்டிருக்க மாட்டாங்க. அதை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க."

குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. பழுதான சக்கரம் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அண்ணிக்கு அந்தக் குரல் பழக்கமானதாக இருந்தது.

"சரி," என்று இப்போது இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். அவர் கறுப்புச் சட்டையில் வந்ததால் வாலு காலையிலேயே அவருக்குக் கார்மேகம் என்று பேர் வைத்துவிட்டான். "இந்தப் பச்சைப் புள்ளி எந்த இடத்துல இருந்து வருதுன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம். வீட்டுல இருந்து வந்தாலும் ஆபீஸ் லைன் வழியாத்தான் சுத்தி வரணும். எல்லாமே ஒரே வாசல்ல நுழைஞ்ச மாதிரிதான் காட்டும்."

"முன்னாடி?"

"முன்னாடின்னா இந்த ரூமுக்கு வந்து, இந்த மெஷின் முன்னாடி உக்காரணும். பத்துப் பேர் பார்ப்பாங்க. இப்ப யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. அதுதானே கிளவுடோட வசதி!"

"திருடனுக்கும் அதே வசதிதான்," என்றான் வாலு.

அண்ணி சற்று யோசித்தாள். "அந்த லாகினை நீங்க இப்பவே பூட்ட முடியுமா?"

"முடியும். பூட்டினா உள்ள இருக்கிறவங்க வெளிய வந்து விழுவாங்க."

"நாங்க ஹாலுக்குப் போய் நிக்கிறோம். கை காட்டினதும் பூட்டுங்க. வாலு, நாற்காலிகளைப் பாரு. யாரு எழுந்திருக்கிறாங்கன்னு பார்த்தா போதும்."

ஹாலில் வரிசை வரிசையாக மேஜைகள். தலைகள் குனிந்திருந்தன. விசைப்பலகைகள் தூறல் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. அண்ணி சுவரில் சாய்ந்து நின்று, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த கார்மேகத்துக்குக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

தூறல் நின்றது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு பெண் எழுந்தாள். கைது செய்யப் போகிறவன் மாதிரி வாலு ஓரடி முன்னால் வைத்தான். வைத்த காலை எடுப்பதற்குள் அவளுக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். அப்புறம் நடு வரிசையில் இருவர். அப்புறம் கணக்குப் பிரிவு, ஒட்டுமொத்தமாக. எழுந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். 'உனக்கும் போயிடுச்சா?' என்று உதடுகள் மட்டும் அசைந்தன. அரை நிமிஷத்தில் பாதி ஹால் நின்றுகொண்டிருந்தது.

"பாட்டு எதுவும் போடலையே அண்ணி," என்றான் வாலு மெதுவாக. "எதுக்கு எல்லாரும் மரியாதையா எந்திரிச்சு நிக்கிறாங்க?"

உண்மை வெளியே வர அதிக நேரம் பிடிக்கவில்லை. கணக்குப் பிரிவின் தலைமை அதிகாரி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லோர் சார்பிலும் பேசினார்.

"தப்புத்தாங்க. ஆனா வேற வழியில்ல. கிளவுடுக்கு மாறினப்ப முதல் கட்டத்துல அப்ரூவல் அதிகாரத்தைச் சாவி அக்காவுக்கு மட்டும்தான் கொடுத்தாங்க. ரெண்டாம் கட்டத்துல எல்லாருக்கும் அவங்கவங்க பேர்ல வரும்னாங்க. அந்த ரெண்டாம் கட்டம் வரவே இல்ல. அக்கா இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியலை, எல்லாத்தையும் அவங்களே பார்த்துக்கிட்டாங்க. அவங்க போனதும் ஒரு லாரி நகரலை. ஆஸ்பத்திரிக்காரங்க போன் மேல போன். அப்புறம்..."

"அப்புறம் நீங்க எல்லாரும் சாவி அக்கா ஆயிட்டீங்க."

அவர் தலை குனிந்தார். "இந்த மாசம் சிறந்த ஊழியர் விருதுக்குக் கம்ப்யூட்டரே அவங்க பேரைத்தான் எடுத்துக் கொடுத்துச்சு. அதிக வேலை பார்த்தது அவங்கதானாம். நாங்க யாரும் வாயைத் திறக்கலை."



அடுத்தது எம்.டி.யின் அறை. சுவரில் நீல வானமும் வெண்மேகமுமாக ஒரு பெரிய படம். அதற்குக் கீழே உட்கார்ந்து, உதவியாளர் அச்செடுத்துக் கொடுத்த மின்னஞ்சல்களைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார் அவர். மேஜையில் கணினியே இல்லை.

"கிளவுடுக்குப் போனது என்னோட முடிவு," என்றார். "நாங்க முன்னேறிட்டோம். பழைய மெஷின்ல மனுஷத் தப்பு இருக்கும். கிளவுட் பொய் சொல்லாது."

"சொல்லாது சார். ஆனா பொய்யை அப்படியே எழுதி வெச்சுக்கும்," என்றாள் அண்ணி. "ரெண்டாம் கட்டம் என்ன ஆச்சு?"

"அடுத்த காலாண்டு."

"போன காலாண்டும் அதையேதான் சொன்னீங்களாமே?"

"அடுத்த காலாண்டுங்கிறது எப்பவும் அடுத்ததுதானே!" என்று சிரித்தார். சிரித்தது தான் மட்டும்தான் என்று தெரிந்ததும் பேனாவை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அண்ணி சொன்னாள்: "பாஸ்வேர்டு ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கிற நூல். யார் வாயிலிருந்து கிளம்புச்சுன்னு பிடிக்கணும். வா."

வதந்தியைத் துரத்துவதுபோல் துரத்தினார்கள். ஜன்னலோரப் பெண்ணுக்குச் சொன்னது பில் போடுபவர். அவருக்குச் சொன்னது கணக்குப் பிரிவு. கணக்குப் பிரிவுக்கு லாரி அனுப்புகிறவர் சொல்லியிருந்தார். அவரைக் கேட்டபோது, "கிடங்கு மாமாதான் கூப்பிட்டுச் சொன்னாரு," என்றார். அதற்கு மேல் நூல் போகவில்லை.

கிடங்கு மேலாளரை அந்த ஆபீஸில் எல்லோரும் மாமா என்றுதான் அழைத்தார்கள். தலை நரைத்த, யாரைப் பார்த்தாலும் தோளில் கை வைத்துப் பேசுகிற மனிதர். சாவி அக்காவின் சாவில் டயர்க்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றவர் அவர்தான் என்று அண்ணி ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

குளிர் அறையின் வாசலில், தடித்த கம்பளிச் சட்டையோடு நின்றிருந்தார். கேள்வியைக் கேட்டதுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மறைக்க மாட்டேம்மா. நான்தான். அவ தம்பி போன் பண்ணினான், எல்லாரும் மத்தியானம் சாப்பிட உக்காந்த நேரம். 'அக்கா போயிட்டாங்க'ன்னான். இந்த ஆபீஸே அழுதுச்சு. அரை மணி நேரம் கழிச்சு ஒரு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டு, குழந்தைங்க வார்டுக்கு மருந்து இல்லைன்னு சொன்னாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க? கிளவுட்காரங்க உதவி மையத்துக்குப் போன் போட்டேன். அவ லாகினை எனக்குத் திறந்து கொடுத்தாங்க. புதுசா ஒரு பாஸ்வேர்டு போட்டேன். நாலு பேருக்குச் சொன்னேன். அவ இருந்திருந்தா அவளும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பா."

கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அண்ணி அந்தக் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட வேலை பார்த்தவளுக்காகவே இந்த மனிதருக்கு இவ்வளவு வருகிறது. தன் கணவர் இறந்த அன்று அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, காணாமல்போன ஒரு வேனைப் பற்றிய அறிக்கையை முடித்து வாடிக்கையாளருக்கு அனுப்பினாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்று அவர் பாராட்டினார். அழுகிறவர்களிடம் அன்று முதல் அவளுக்கு ஒரு மரியாதை. பொறாமை என்றும் சொல்லலாம்.

"நன்றி மாமா," என்று திரும்பி நடந்தாள்.

மெஷின் ரூமுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"யாருக்கு அண்ணி?"

"டயர்க்கடைக்காரருக்கு. முடிஞ்சுது வாலு. அவங்க இறந்த சேதி வந்தப்புறம்தான் மத்தவங்க இந்த லாகினுக்குள்ள வந்திருக்காங்க. மருந்து போனது அன்னைக்குக் காலையில. அப்ப அந்த லாகின் சாவி அக்கா கையில மட்டும்தான் இருந்திருக்கு. அவங்கதான் விட்டிருக்காங்க."

"அதைப் போய் அவர்கிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?"

"எப்படின்னா? வாயாலதான்."

வாலு தரையிலிருந்த சதுரத் தடம் ஒன்றைச் சுற்றி வந்தான். 

"ஒண்ணு மட்டும் புரியலை அண்ணி. என் பாஸ்வேர்டு மறந்து போச்சுன்னா, நானே போய்க் கேட்டாலும் உங்க செல்லுக்குக் கோட் அனுப்பியிருக்கோம், அம்மா பேரு என்ன, முதல் நாய்க்குட்டி பேரு என்னன்னு உயிரை வாங்குறாங்க. இவர் அடுத்தவங்க லாகினைப் போன்லயே வாங்கியிருக்கார். உயிரோட இருக்கிறவனுக்கு இல்லாத சலுகை செத்தவங்களுக்கு மட்டும் உண்டா?"

அழைப்புப் பொத்தானுக்கு மேல் இருந்த அண்ணியின் விரல் நின்றது.

"கார்மேகம்!"

"மேடம்?" இன்ஜினியர் திடுக்கிட்டார். தன் புதுப் பெயரை அவர் அப்போதுதான் கேட்கிறார்.

"ஒருத்தரோட லாகினை இன்னொருத்தருக்குக் கொடுக்கணும்னா உங்க உதவி மையத்துல என்ன கேப்பாங்க?"

"காரணம் கேப்பாங்க மேடம். மூணே காரணம்தான். லீவுன்னா, சம்பந்தப்பட்டவங்க போனுக்குக் கோட் போகும். அவங்க சம்மதிச்சாத்தான் நடக்கும். வேலையை விட்டுட்டாங்கன்னா லாகினை மூடிடுவோம், யாருக்கும் தர மாட்டோம். இறந்துட்டாங்கன்னா மட்டும்தான், வேலை நின்னுபோகக் கூடாதுன்னு, வேற ஒருத்தர் கையில கொடுப்போம்."

"ஆதாரம் வேண்டாமா?"

"வேணும். ஆனா மருந்து அவசரச் சேவைங்கிறதால ஒரு மாசத்துக்குள்ள கொடுத்தா போதும். இவங்க இறப்புச் சான்றிதழைக் கொடுத்துட்டாங்க. உண்மையான சான்றிதழ்தான். அதனால அந்த விஷயத்தை அத்தோட மூடிட்டோம்."

"கேட்டது எப்ப?"

"அது இங்க தெரியாது மேடம். எங்க தலைமை ஆபீஸ்லதான் இருக்கும்."

"கேளுங்க. இப்பவே."

அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். யாரையோ காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார். ஏ.சி. இரைந்துகொண்டே இருந்தது. வாலு கைகளை அக்குளுக்குள் சொருகிக்கொண்டு நின்றான். கடைசியில் இன்ஜினியர் திரும்பியபோது அவர் முகம் சட்டைக்கு நேர் எதிரான நிறத்தில் இருந்தது.

"கிடங்கு மேலாளர்தான் பேசியிருக்கார். அவர் நம்பர்லயிருந்துதான். ஆனா..." போனை மேஜையில் வைத்தார். "மத்தியானம் இல்ல மேடம். காலையில. ஆபீஸ் திறந்த கையோட. லாகின் கைமாறி ஒரு கால் மணி நேரத்துல அந்த ஊசி மருந்து விடுவிக்கப்பட்டிருக்கு."



சாவி அக்கா கண்டுபிடிக்கப்பட்டது மதியம். இறந்துவிட்டார் என்று காலையிலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"அவர் அழுதாரே அண்ணி," என்றான் வாலு. கேலி இல்லாத குரலில்.

"அழுதார்," என்றாள் அண்ணி. "நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. அப்புறம் மாமாவைக் கூட்டிட்டு வா."

மாமா வந்து உட்கார்ந்தார். கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. அந்த அறைக்கு அது தேவையாகத்தான் இருந்தது. வாலு கதவில் சாய்ந்து நின்றான்.

"உதவி மையத்துல காரணம் கேட்டிருப்பாங்களே மாமா?"

"கேட்டாங்க. இறந்துட்டான்னு சொன்னேன். அது உண்மைதானேம்மா?"

"மத்தியானம் சொல்லியிருந்தா உண்மை." மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க சொன்னது காலையில."

அவர் திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் உதடு அசைந்தது.

"மெஷின் சில சமயம் தப்பாக் காட்டும்," என்றார்.

"உங்க எம்.டி. கேட்டா வருத்தப்படுவார்," என்றான் வாலு.

"குளிர் அறைக் கதவு யார் பொறுப்பு மாமா?" என்றாள் அண்ணி.

அந்தக் கேள்வியில்தான் அவர் உடைந்தார். பெரிய சத்தம் எதுவும் இல்லை. தோள் இரண்டும் மெல்ல இறங்கின.

"என் பொறுப்புதான். அன்னைக்கு ராத்திரி சாத்திட்டுத்தான் போனேன்னு நினைச்சேன். சாத்தலை. அத்தனை மருந்தும் குப்பைன்னு அவ எழுதிட்டா நான் வெளியதான். இந்த வயசுல எனக்கு யாரும்மா வேலை கொடுப்பா? காலையில அவ வீட்டுக்கே போனேன். பின்பக்கப் படியில இறங்கி வந்துக்கிட்டிருந்தா. கெஞ்சினேன். 'மாமா, ஊசி போட்டுக்கிறவங்களும் யாரோ வீட்டு ஆளுங்கதானே'ன்னு சொல்லிட்டு நகர்ந்தா. கையைப் பிடிச்சேன். உதறினா. நானும் விட்டுட்டேன். அவ்வளவுதான். தள்ளலைம்மா. விட்டேன்."

"அப்புறம்?"

"கீழே கிடந்தா. அசையலை."

"குனிஞ்சு பார்த்தீங்களா?"

அவர் கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகினார்.

"மூச்சு இருக்கான்னு பார்த்தீங்களா மாமா?"

"பயந்துட்டேன். நேரா இங்க வந்துட்டேன். அந்த மருந்து எப்படியாவது போயிடணும், அப்புறம் எல்லாம் சரியாயிடும்னு தோணுச்சு. லீவுன்னு சொன்னேன். அவ போனுக்குக் கோட் அனுப்பணும்னாங்க. வேலையை விட்டுட்டான்னா மூடிடுவோம்னாங்க. வேற என்ன இருக்குன்னு கேட்டேன். மூணாவது ஒண்ணுதான் இருந்துச்சு."

அண்ணி அவரையே பார்த்தாள். தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் அவளுக்கே கேட்டது.

"அவங்க மத்தியானம் வரைக்கும் உயிரோட இருந்தாங்க மாமா. டாக்டர் சொன்னது. நீங்க போன்ல இறந்துட்டாங்கன்னு சொன்னப்ப, அந்தப் படியில அவங்களுக்கு மூச்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்தப் போனை ஆம்புலன்சுக்குப் போட்டிருந்தா இன்னைக்கு இங்க நாம உக்காந்திருக்க வேண்டாம்."

மாமா கண்ணைக் கசக்கினார்.  இத்தனை நாள் தாராளமாக வந்த கண்ணீர் இப்போது வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு ஹால் வழியாகப் போனார். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. வண்டி கிளம்பியதும் கணக்குப் பிரிவின் தலைமை அதிகாரி தயங்கித் தயங்கி அண்ணியிடம் வந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். லாகின் எப்பத் திறக்கும்? நாலு லாரி நிக்குது."

அண்ணி கார்மேகத்தைப் பார்த்தாள். "எல்லாருக்கும் அவங்கவங்க பேர்ல கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ரெண்டாம் கட்டம்?"

"எம்.டி. சரின்னு சொன்னா, ஒரு காபி குடிச்சு முடிக்கிற நேரம் போதும் மேடம்."

"அவர் சொல்லுவார். வாலு, நீ போய்ப் பக்கத்துல நில்லு. சொல்ற வரைக்கும் பேசிக்கிட்டே இரு."

"அது என் பிறவி வேலை," என்று வாலு கிளம்பினான்.

அண்ணி வெளிவாசலுக்கு வந்தாள். லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் முகத்தில் விழுந்தது. இத்தனை நேரம் குளிரில் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. போனை எடுத்தாள்.

டயர்க்கடைக்காரர் எடுத்தபோது பின்னால் காற்றடிக்கும் மெஷின் இரைந்தது.

"சொல்லுங்க அண்ணி."

"உங்க அக்கா அந்த மருந்தை விடலை. கடைசி வரைக்கும் விட மாட்டேன்னு நின்னிருக்காங்க. வேற ஒருத்தர் அவங்க பேர்ல விட்டிருக்கார். அவரைத் தடுத்ததாலதான் அவங்க உயிர் போயிருக்கு."

"யாரு?"

சொன்னாள்.

காற்று மெஷின் நின்றது.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு," என்றார் அவர். "சாப்பிடு சாப்பிடுன்னு சொன்னாரு."

"தெரியும்."

"சரி," என்றார். அதே குரல். பழுதான சக்கரம் பற்றிச் சொல்கிற குரல். "அண்ணி, ஒரு நிமிஷம் இருங்க. வண்டிக்காரர் காத்துக்கிட்டிருக்கார்."

போனை எங்கோ பலகை மேல் வைக்கும் சத்தம் கேட்டது. ஜாக்கி ஏறியது. ஒரு போல்ட் முறுக்கப்பட்டது. அப்புறம் இன்னொன்று. யாரோ ஏதோ கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். இன்னொரு போல்ட். ஒரு நிமிஷம் ஆனது. அவர் வரவில்லை. அண்ணி வாசல் படியில் உட்கார்ந்தாள்.

வாலு வெளியே வந்து, 'என்ன?' என்று கண்ணாலேயே கேட்டான். அவள் தலையை அசைத்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. போனுக்குள் ஜாக்கி இறங்கி, வேறொரு பக்கம் போய் மறுபடி ஏறியது. அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டார் போலிருந்தது.

அண்ணி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.